நரம்பின் கதை – 9: காலிப் பைகள் எங்கே போகின்றன?

சென்ற வாரம் நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். மின்துடிப்பு வருகிறது, கால்சியம் பாய்கிறது. ஏறத்தாழ 40 நானோமீட்டர் குறுக்களவுள்ள நுண்பைகள் முனையின் வெளிச்சவ்வோடு கலந்து, சுமந்துவந்த வேதிப்பொருளை அடுத்த செல்லை நோக்கிக் கொட்டிவிடுகின்றன. சரக்கு போய்விட்டது. பை என்ன ஆயிற்று?

கொஞ்சம் கணக்குப் போட்டால்தான் இந்தக் கேள்வியின் கனம் புரியும். மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் ஒரு சாதாரண சினாப்ஸில், அதாவது இரு நரம்புச் செல்கள் சந்திக்கும் இடத்தில், இருப்பவை சுமார் 200 நுண்பைகள். உடனே வெடிக்கத் தயாராக வாசலில் நிற்பவையோ பத்துக்குள்தான். துடிப்புகள் நொடிக்குப் பத்து, இருபது என்று வரத் தொடங்கினால் கையிருப்பு வெகு சீக்கிரம் கரைந்துவிடும். புதிய பைகளுக்கான புரதங்கள் தயாராவது தொலைவில், செல்லின் உடல்பகுதியில். பாதத்துத் தசையை இயக்கும் நரம்புச் செல்லின் உடல் தண்டுவடத்தில் இருக்கிறது. இடையே ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம். நரம்பிழைக்குள் நடக்கும் வேகமான சரக்குப் போக்குவரத்தே நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர்தான். இன்று அங்கே புறப்பட்டது இங்கே வந்துசேர இரண்டரை நாளாவது ஆகும்.

ஆகவே இருப்பதையே திரும்ப எடுத்து நிரப்பியாக வேண்டும். காலை நேரத்து டீக்கடையில் டம்ளர் கழுவுகிறவர் சுணங்கினால், மாஸ்டர் எவ்வளவு வேகமாக ஆற்றியும் பயனில்லை. நரம்பு முனையின் நிலையும் அதுதான்.

இதைக் கண்ணால் காட்டியவர்கள் ஜான் ஹியூசரும் தாமஸ் ரீஸும். ஆண்டு 1973. தவளையின் தொடைத் தசையை நரம்போடு பிரித்தெடுத்து, நொடிக்கு 10 துடிப்பு வீதம் நரம்பைத் தூண்டினார்கள். பிறகு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஒரு நிமிடத்தில் நுண்பைச் சவ்வில் 30 சதவீதம் குறைந்திருந்தது. கிட்டத்தட்ட அதே அளவுக்கு முனையின் வெளிச்சவ்வு விரிந்திருந்தது. 15 நிமிடம் கழித்துப் பார்த்தபோது குறைவு 60 சதவீதம். ஆனால் இப்போது முனைக்குள் ஒழுங்கற்ற பெரிய அறைகள் தோன்றியிருந்தன. நரம்புக்கு ஓய்வு கொடுத்ததும் அந்த அறைகள் மறைந்தன, நுண்பைகள் மீண்டும் வந்தன. சவ்வின் மொத்த அளவு மட்டும் தொடக்கம் முதல் மாறவேயில்லை. எதுவும் வீணாகவில்லை, இடம்தான் மாறியது. உயிரியலில் இவ்வளவு தெளிவாகக் கணக்கு நேராகும் சோதனைகள் அபூர்வம்.

அதே ஆண்டில் செக்கரெல்லி, ஹர்ல்பட், மௌரோ மூவரும் தவளை நரம்பில் நொடிக்கு 2 துடிப்பு மட்டும் கொடுத்து மணிக்கணக்கில் தூண்டிப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த காட்சி வேறு. பை முழுதாகச் சவ்வில் கரைவதில்லை. சிறு துளை திறந்து, சரக்கை விட்டு, அப்படியே மூடிக்கொண்டு திரும்பிவிடுகிறது என்றார்கள். பல பத்தாண்டுகள் நீண்ட சர்ச்சை இங்கே தொடங்கியது. ஒரு தரப்பு மெதுவாக ஓட்டிய நரம்பைப் பார்த்தது, மறு தரப்பு விரட்டி ஓட்டிய நரம்பைப் பார்த்தது. சர்ச்சையில் பெரும்பகுதிக்குக் காரணம் இந்த வித்தியாசம்தான் என்றே சொல்ல வேண்டும்.

மீட்பு நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை ஒரு பழ ஈ காட்டியது. ஷிபிரே என்ற மரபுத் திரிபுள்ள ஈக்கள் சாதாரண வெப்பத்தில் நன்றாகப் பறக்கும். வெப்பம் 29 டிகிரியைத் தாண்டியதும் ஓரிரு நிமிடங்களில் முடங்கி விழும். குளிர்வித்தால் எழுந்துகொள்ளும். விழுந்து கிடந்த ஈயின் நரம்பு முனையில் நுண்பைகளே இல்லை. சவ்வில் உள்நோக்கிக் குழிந்த மொட்டுகள், கழுத்து அறுபடாமல் அப்படியே தொங்கின. அந்தக் கழுத்தை அறுக்கும் புரதம் டைனமின் என்பது 1991இல் தெரிந்தது.

நரம்பு மிகக் கடுமையாக வேலை செய்யும்போது மொட்டு மொட்டாக மீட்பது போதாது. அப்போது சவ்வின் பெரிய பகுதியே ஒரே வாயில் உள்ளே விழுங்கப்படுகிறது. ஹியூசர் கண்ட பெரிய அறைகளை விளக்குவது இந்த மொத்த மீட்புதான். இதைத் தொடங்கிவைப்பதும் கால்சியமே: தொடர்ந்து குவியும் கால்சியம் கால்சிநியூரின் என்ற நொதியை எழுப்ப, அது டைனமினிலுள்ள பாஸ்பேட்டை நீக்குகிறது. வெளியேற்ற ஆணையிட்ட அதே கால்சியம் திரும்ப அழைக்கும் ஆணையையும் தருகிறது.

2013இல் ஷிகேகி வாடனாபேவும் எரிக் ஜோர்கென்சனும் இன்னொரு வழியைக் கண்டார்கள். எலியின் நரம்புச் செல்களை ஒளியால் தூண்டி, சில மில்லிநொடிகளில் உறையவைத்துப் பார்த்தபோது, 50 முதல் 100 மில்லிநொடிக்குள் சவ்வு உள்ளே வந்திருந்தது. செல்கள் உடல்வெப்பத்தை ஒட்டிய 34 டிகிரியில் இருந்தபோதுதான் இது நடந்தது. 22 டிகிரியில் இந்த அதிவேக வழி அடைபட்டு, கிளாத்ரின் என்ற புரதம் கூடைபோல் உறை பின்னி மொட்டு மொட்டாக மீட்கும் பழைய மெதுவான வழி முன்னுக்கு வந்தது. அதுவரை பல ஆய்வகங்கள் அறைவெப்பத்தில் நரம்பைச் சோதித்து வந்தன.

பைகளை மீட்கும் வேலையில் பிசகு நேர்ந்தால் மனிதருக்கும் நோய் வரும். மீண்ட பையின் கிளாத்ரின் உறையைக் கழற்ற உதவும் சினாப்டோஜானின் புரதத்தில் உள்ள ஒரே ஒரு திரிபு, இளம் வயதிலேயே வரும் பார்கின்சன் நோய்க்குக் காரணம் என்பது 2013இல் ஓர் ஈரானியக் குடும்பத்திலும் ஓர் இத்தாலியக் குடும்பத்திலும் தனித்தனியே கண்டறியப்பட்டது. டைனமின்-1 மரபணுவின் திரிபுகள் குழந்தைகளுக்குக் கடுமையான வலிப்பு நோயைத் தருகின்றன.

மீண்டுவந்த காலிப் பைக்குள் சரக்கு எப்படி ஏறுகிறது, அதற்கான ஆற்றலை எது தருகிறது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.