அப்பாவின் ஸ்கேனும் எக்ஸெல் ஜோசியமும்

சென்ற மாதம் அப்பா தன் இரண்டு சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்களை என் கம்ப்யூட்டர் டேபிளில் வைத்தார். இதயத்தின் இரத்தக் குழாய்களில் படிந்துள்ள கால்சியத்தின் ஸ்கோர் அது. 2019ல் 100, 2024ல் 225. "மாத்திரை தின்னும் ஏறியிருக்கே! 2029ல எங்க போய் நிக்கும்னு இதுல போட்டுச் சொல்லு. அப்புறம் மாத்திரையே வேண்டாம்" என்றார்.

எக்ஸெல் திறந்தேன். ஒரு செல்லில் 100, அதன் கீழ் 225. இரண்டையும் செலக்ட் செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தை மவுஸின் வலது பட்டனால் பிடித்து ஒரு செல் கீழே இழுத்து விடுங்கள். (இடது பட்டனால்தான் எல்லோரும் இழுப்போம், வலதில் இழுத்தால் ஒரு மெனு கிடைக்கும்.) லீனியர் ட்ரெண்ட் கிளிக் செய்தேன், 350 வந்தது. அண்டூ செய்து க்ரோத் ட்ரெண்ட் கொடுத்தேன், 506! ஆய்வாளர்கள் சிலர் இரு ஸ்கேன்களை ஒப்பிட வர்க்கமூலத்தைப் பயன்படுத்துகிறார்கள். அப்படிப் பார்த்தால் 10, 15, அடுத்து 20, அதாவது 400. ஒரே அப்பாவுக்கு மூன்று ஜோசியம்!

இரண்டே புள்ளிகளை வைத்துக்கொண்டு எந்தக் கோட்டையும் வரையலாம். மேலும் ஸ்கோர் பிறக்கும் விதத்தையும் கவனியுங்கள். 1990ல் அகட்ஸ்டன் குழுவினர் வெளியிட்ட முறை இது. ஸ்கேனில் 130 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகும் அதற்கு மேலும் அடர்த்தி உள்ள புள்ளிகள் மட்டுமே கணக்கில் வரும். புள்ளியின் பரப்பை, அதன் உச்ச அடர்த்திக்கேற்ப 1 முதல் 4 வரை உள்ள எண்ணால் பெருக்குவார்கள். 5 சதுர மி.மீ. புள்ளியின் உச்சம் 195 என்றால் ஸ்கோர் 5. அதுவே 205 ஆனால் 10. படிவின் பரப்பு கூடவே இல்லை. ஸ்கோர் மட்டும் இரட்டிப்பு!

இங்கேதான் அப்பாவின் கட்சி உடைந்தது. அவர் சாப்பிடுவது கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை. அது படிவை இறுக்கிக் கெட்டியாக்கும். கெட்டியான படிவு எளிதில் வெடிக்காது. ஆனால் அடர்த்தி கூடுவதால் ஸ்கோர் ஏறிவிடும். எனவே ஸ்கோர் ஏறியதை வைத்து மாத்திரை பயனற்றது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். நிறுத்தவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். ஸ்கோரோடு இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அவர் பார்க்கிறாராம். என் ஷீட்டில் அவற்றுக்கெல்லாம் காலமே போடவில்லை.

அப்பா மாத்திரையைத் தொடர்கிறார். இப்போது கரண்ட் பில் தொகைகளை டைப் செய்து, வலது பட்டனால் இழுத்துக்கொண்டிருக்கிறார்.