சிரிக்க ஜோக் வேண்டுமா?

பேச்சுக்கு நடுவே நாம் சிரிப்பதெல்லாம் நகைச்சுவையைக் கேட்டுத்தானா? அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன், கடைத்தெருவிலும் கல்லூரி வளாகத்திலும் மக்கள் பேசிச் சிரித்த 1,200 தருணங்களைக் குறித்துப் பார்த்தார். வேடிக்கையான பேச்சுக்குப் பின் எழுந்த சிரிப்பு 100-க்கு 20-ஐக்கூடத் தாண்டவில்லை! மற்றதெல்லாம் "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்பது போன்ற சாதாரணப் பேச்சுக்கு வந்த சிரிப்பு. தனியாக இருப்பதைவிட, கூட ஆள் இருக்கும்போது நாம் ஏறக்குறைய 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்பதும் அவர் கண்டதுதான். தாத்தா சொன்ன ஜோக்கையே மறுபடி சொன்னாலும் வீடே சிரிப்பது இதனால்தான் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் தாத்தாவையும் கவனியுங்கள். கேட்பவரைவிடச் சொல்பவரே அதிகம் சிரிக்கிறார் என்கிறது அதே ஆய்வு.