கடுவன் பூனை அடிக்கடி குந்தினால்

வத்தேகம பக்கத்து வீடுகளில் பூனைக்கென்று மணல் தட்டு வைப்பவர்கள் குறைவு. மிளகுக்கொடி அடியில் மண்ணைக் கிளறி, காரியம் முடிந்ததும் மூடிவிட்டு வந்துவிடும். அப்படிப் பழகிய பூனை ஒருநாள் பாயிலோ குளியலறைத் தரையிலோ சலம் பெய்தால், கொழுப்பு என்று விளக்குமாற்றை எடுக்கிறோம். அதற்கு முன் கவனிக்க வேண்டியவை மூன்று: எத்தனை தரம், எவ்வளவு, எந்த நிலையில்.

வளர்ந்த பூனை நாளொன்றுக்கு 2 முதல் 4 தரம் சிறுநீர் கழிக்கும். அதன் மூதாதையான ஆபிரிக்கக் காட்டுப்பூனை வறண்ட நிலத்து விலங்கு. அதனால் பூனையின் சிறுநீரகம் நீரை மிச்சம்பிடித்துச் சிறுநீரை அடர்த்தியாக்கும், தாகமும் குறைவு. உலர் தீனியை மட்டும் தின்று தண்ணீரும் குடிக்காவிட்டால் சிறுநீர் மேலும் அடர்ந்து படிகங்கள் சேர வழியாகும்.

நின்றபடியே வாலைத் தூக்கி, நுனி துடிக்க, சுவரில் பீச்சினால் அது பெரும்பாலும் எல்லை குறிக்கும் வேலை. கருத்தடை செய்தால் அநேக கடுவன்கள் அதை விட்டுவிடும். குந்தியிருந்து பெருமளவில் பெய்கிறது, தண்ணீர்ச் சட்டியும் சீக்கிரம் காலியாகிறது என்றால், வயதான பூனையில் சிறுநீரக நோயையோ நீரிழிவையோ சந்தேகிக்கலாம். அடிக்கடி குந்தியும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, இரத்தமும் கலந்திருக்கிறது என்றால் சிறுநீர்ப்பை அழற்சியாக இருக்கலாம். இதற்குக் கிருமிதான் காரணமாக வேண்டும் என்றில்லை. வீடு மாறுவது, புதுப்பூனை வருவது போன்ற மனஅழுத்தமும் போதும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, கடுவன் குந்திக் குந்தி முக்கியும் ஒரு சொட்டும் வராத நிலை. கடுவனின் சிறுநீர்க்குழாய் நுனியில் மிகவும் ஒடுங்கியது. படிகமும் சளியும் திரண்டால் அடைத்துவிடும். வெளியேறாத பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இதயத்தையே நிறுத்தும். இரண்டு மூன்று நாட்களில் உயிர் போகலாம். இதை மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் புகட்டுவதில் பொழுது வீணாகும். வலிக்கு என்று பனடோல் கொடுப்பது அதைவிடக் கேடு: பரசிற்றமோலைச் சிதைக்கும் நொதியம் பூனையின் ஈரலில் போதாது, ஒரு வில்லையே கொல்லக்கூடும்.

மிருக வைத்தியர் மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை எடுப்பார். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை கண்டிக்கு அப்பால் கொஞ்சத் தூரம்தான். விடியட்டும் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். சலம் போகாத கடுவனை அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.