சூரிய ஒளியில் எரிபொருள்: பெரோமின் பளிங்குகள்

பேரியம் தைத்தனேற்றுப் பளிங்கின் ஒரு முகம் நேர் ஏற்றமும் எதிர் முகம் மறை ஏற்றமும் கொண்டிருக்கும். இதற்கு மின்கலம் எதுவும் வேண்டியதில்லை. பளிங்கின் உள்ளே தைத்தேனியம் அயன் நடுவில் நில்லாமல் சற்றே ஒருபுறம் விலகியிருப்பதே காரணம். வெளியிலிருந்து போதிய மின்புலம் கொடுத்தால் அயன் மறுபுறம் நகரும். முகங்களின் ஏற்றமும் மாறிவிடும். இத்தகையவை பெரோமின் பொருள்கள். 1920இல் யோசப் வலசெக் இப்பண்பை ரொச்செல் உப்பில் கண்டார். கொள்ளளவிகளில் நெடுங்காலமாகப் பயன்படும் இப்பொருள்கள் இப்போது நீரைப் பிரித்து ஐதரசன் எடுக்கும் ஆய்வுக்கும் வந்துள்ளன.

1972இல் ஜப்பானின் புஜிஷிமாவும் ஹொண்டாவும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு மின்வாயில் ஒளி பட நீர் பிரிவதைக் காட்டினர். ஒளி பட்டதும் இத்தகைய குறைகடத்தியில் இலத்திரன் ஒன்று மேலெழும். அது விட்ட இடம் துளை எனப்படும். இலத்திரன் ஐதரசனை விடுவிக்கும், துளை ஒட்சிசனை. ஆனால் பெரும்பாலான இலத்திரன்-துளை இணைகள் மேற்பரப்பை அடையுமுன்னே மீண்டும் சேர்ந்து வெறும் வெப்பமாகிவிடுகின்றன. பெரோமின் பளிங்கின் உள்மின்புலம் இங்கேதான் உதவுகிறது: தோட்டத்து வரம்பு நீரைப் பிரித்து விடுவதுபோல் இலத்திரனை நேர் முகத்துக்கும் துளையை மறை முகத்துக்கும் திருப்பிவிடுகிறது.

இதைக் கண்ணால் காணவும் முடியும். பேரியம் தைத்தனேற்றை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் வைத்துக் கழியூதா ஒளி பாய்ச்சினால், வெள்ளி நேர் முனைப் பகுதிகளில் மட்டுமே படியும். கியோகொண்டியும் ரோறரும் 2001இல் வெளியிட்ட இந்தப் பரிசோதனை, உள்மின்புலம் வேதித்தாக்கத்துக்கு இடம் குறித்துக் கொடுக்கிறது என்பதற்குத் தெளிவான சான்று.

குறைகளும் உண்டு. பேரியம் தைத்தனேற்றின் சக்தி இடைவெளி, அதாவது இலத்திரனை மேலெழுப்ப ஒளி தரவேண்டிய ஆகக்குறைந்த சக்தி, ஏறத்தாழ 3.2 இலத்திரன்வோல்ற்று; ஆகவே சூரிய ஒளியில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கே உள்ள கழியூதாக் கதிர்கள்தாம் அதற்குப் பயன்படும். இன்னொரு பெரோமின் பொருளான பிசுமது பெரைற்றின் இடைவெளி ஏறத்தாழ 2.7தான். நீல ஒளியையும் அது உறிஞ்சும். ஆனால் அதன் இலத்திரன்களுக்கு ஐதரசனை விடுவிக்கும் வலு பொதுவாகப் போதாது. நீரிலுள்ள அயன்கள் முகங்களில் ஒட்டி உள்மின்புலத்தைத் தணிப்பது இன்னொரு தலைவலி. பெரோமின் அல்லாத உறவுப்பொருளான துரொந்தியம் தைத்தனேற்றைக் கொண்டு ஜப்பானில் அமைத்த 100 சதுர மீற்றர்த் தொகுதிகூட 2021இல் அதிகபட்சம் 0.76 சதவீத வினைத்திறனையே தந்தது. வீட்டுக் கூரைச் சிலிக்கன் தகடு 20 சதவீதத்தை எட்டுகிறது.

யாழ். குடாநாட்டுக்கு இது தூரத்துக் கதை அல்ல. தைத்தேனியம் தரும் இல்மனைற்று மணல் புல்மோட்டைக் கரையில் உண்டு. தைத்தேனியம் ஈரொட்சைட்டு நுண்துகள் படலங்களைக் கொண்ட சூரியக் கலங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் ஆராயப்பட்டு வருகின்றன. ஒரு கிலோ ஐதரசனுக்கு ஒன்பது கிலோ நீர் போதும். ஒரு தோட்டத்துக்கு இறைக்கும் நீரோடு பார்த்தால் அது சொற்பம். தடை நீரின் அளவில் இல்லை, உவரில் இருக்கிறது. கரையோரக் கிணற்று நீரை அப்படியே ஊற்றினால் துளைகள் குளோரைட்டைத் தாக்கி ஒட்சிசனுக்குப் பதில் குளோரீனை விடுவிக்கக்கூடும்; எனவே உவர் நீக்கிய பின்னரே அதைப் பயன்படுத்தலாம்.