திருச்சபை இசை பயிலக் கலாசாலை தெரிதல்

பாடத் தெரிந்தோர் பலர். ஒரு சபையைப் பாடச் செய்யத் தெரிந்தோர் சிலரே. இவ்விரண்டாம் ஆற்றலை முறையாகக் கற்பித்துப் பட்டமும் அளிக்கும் கலாசாலைகள் மேனாட்டிற் பல உள. இசையிலும் வழிபாட்டிலும் நாட்டமுள்ள மாணாக்கர் ஒருவர் அவற்றுள் ஒன்றைத் தெரியுங்கால் நோக்கத்தக்கன யாவை என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இது வெறும் இசைப்பட்டம் அன்று என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். கச்சேரி மேடைக்குச் செல்வோர் தாம் விரும்பிய உருப்படிகளை மாதக்கணக்கிற் பழகிக்கொண்டு வாசிக்கலாம். ஆலயத்தில் ஆர்கன் வாசிப்போர்க்கு அவ்வசதி இல்லை. காணிக்கை எடுக்கும் நேரம் நீண்டால் அதற்கேற்ப இசையை அப்போதே புனைந்து நீட்டல் வேண்டும். சபையார்க்குச் சுருதி எட்டாவிடிற் பாட்டை இறக்கி வாசித்தல் வேண்டும். பயிற்சியற்ற பன்னிருவரைக் கொண்டு ஞாயிறுதோறும் நாற்குரற் பாடல் ஒன்றை ஒப்பேற்றல் வேண்டும். ஆகவே பாடற்குழு நடத்துதல், பாமாலைகளின் வரலாறு, வழிபாட்டு முறை, உடனுக்குடன் இசை புனைதல் என்பன பாடத்திட்டத்தில் எவ்வளவு இடம் பெறுகின்றன என்று பார்க்க. அவை ஓரிரு பாடங்களாகச் சுருங்கியிருப்பின், அது பெயர் மாற்றப்பெற்ற இசைப்பட்டமேயாம். ஆர்கனைப் பற்றி ஒரு சொல். கைகளுக்குரிய கட்டைவரிசைகளேயன்றிக் கால்களால் மிதித்து வாசிக்கும் வரிசையும் உடைய அப்பெருங் கருவியை விடுதி அறையில் வைத்துப் பழகல் இயலாது. எனவே பயிற்சிக்குரிய ஆர்கன்கள் எத்தனை, அவற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் மாணாக்கர் எத்தனைபேர் என்று கூச்சமின்றிக் கேட்டல் நலம். விளம்பரப் புத்தகத்திலுள்ள அழகிய கோபுரத்தின் படம் இவ்வினாவுக்கு விடை தாராது.

ஜெர்மனியில் இத்தொழிலுக்கு வரையறுத்த படிகள் உள. ‘சி’ என்னுஞ் சான்று பகுதிநேர ஊழியர்க்கு உரியது. ‘பி’ இளங்கலைக்கும் ‘ஏ’ முதுகலைக்கும் ஒப்பாவன. அரசாங்க இசைக் கலாசாலைகள் பலவற்றிற் போதனைச் சம்பளம் இல்லை. எனினும் பாடன் வுர்ட்டம்பெர்க் மாகாணத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திற்குப் புறம்பான மாணாக்கர் அரையாண்டிற்கு 1,500 யூரோ செலுத்துகின்றனர். நுழைவுத் தேர்வில் ஆர்கனோடு பியானோ, குரல், இசையிலக்கணம், செவிப்பயிற்சி ஆகியவற்றையும் சோதிப்பர். பாடம் நடப்பது ஜெர்மன் மொழியில். உரோமாபுரியிலோ, பத்தாம் பத்திநாதர் காலத்தில் 1911-இல் திறக்கப்பெற்ற கலாசாலையொன்று உளது. கிரகோரியப் பாடலை ஆழ்ந்து கற்க விழைவோர்க்கு அஃது ஏற்றது.

நிற்க. அமெரிக்க தேசத்துச் செய்தியைச் சற்று விரித்துக் கூறல் வேண்டும். ஏனெனிற் புகழை மட்டும் நம்பிச் சேர்வோர்க்கு அது கண் திறப்பதாகும். ஒகாயோ மாகாணத்து டேட்டன் நகரில், ஜான் பின்லி வில்லியம்சன் என்பார் ஓர் ஆலயத்தில் 1920-இல் அமைத்த வெஸ்ட்மின்ஸ்டர் பாடற்குழுவிலிருந்து, 1926-இல் ஒரு கலாசாலை முளைத்தது. 1929-இல் இத்தக்காவுக்கும், 1932-இற் பிரின்ஸ்டனுக்கும் பெயர்ந்து, டாஸ்கனினி போன்ற பேராசான்களின்கீழ்ப் பாடும் பெருமையும் எய்திற்று. பின்னர்ப் பொருள் முட்டுப்பாட்டால் 1992-இல் ரைடர் கலாசாலையோடு இணைக்கப்பெற்றது. 2018-இற் சீனக் கம்பெனியொன்றுக்கு விற்க முயன்றனர். மறு ஆண்டில் அம்முயற்சி கைவிடப்பட்டது. 2020-இற் பிரின்ஸ்டன் மனையை விட்டு லாரன்ஸ்வில்லுக்குக் குடிபெயர்ந்தது. இடையில் அங்குப் பயின்றோர், தாம் பட்டம் பெறுமுன் கலாசாலை எங்கிருக்கும் என்று அறியாமலே பாடிக்கொண்டிருந்தனர்! நியூயார்க்கு யூனியன் இறையியற் கலாசாலையில் 1928-இல் தோன்றிய திருவிசைப் பள்ளியும் 1973-இல் மூடப்பட்டது. அதன் ஆசிரியருட் சிலர் அவ்வாண்டே யேல் சர்வகலாசாலைக்குச் சென்று, ஆங்குத் திருவிசை நிலையம் தொடங்க உதவினர். அந்நிலையத்தில் இளங்கலை இல்லை, மேற்பட்டங்களே உள. அங்குச் சேர்வோர்க்குப் போதனைச் சம்பளம் முழுமையும் உபகாரமாகக் கிடைக்கின்றது. ஆகவே ஆசிரியர் யாரென்று வினவுவதோடு, பணப்பை எவர் கையில் உளதென்றும் வினவல் வேண்டும்.

இனி நம் நாட்டினர்க்கு மற்றொரு சங்கடம் உண்டு. நம் ஆலயங்களிற் பாமாலையும் கீர்த்தனையும் ஒருங்கே பாடப்படுகின்றன. மேனாட்டுக் கலாசாலை முன்னதற்கு உதவும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வழிவந்த பின்னதற்கு உதவாது. இராக தாளப் பயிற்சிக்கு, இராஜா அண்ணாமலைச் செட்டியார் 1929-இற் சிதம்பரத்தில் நிறுவிப் பின்னர் அண்ணாமலைச் சர்வகலாசாலையோடு சேர்க்கப்பெற்ற இசைக் கல்லூரி போன்றவை உள. ஆனால் ஆலய வழிபாட்டை நடத்தும் முறையை ஆண்டு எதிர்பார்த்தல் முறையன்று. மதுரைத் தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்து 2005-இற் காலஞ்சென்ற தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டுக்களில் வழிபாட்டுப் பாடல்கள் இயற்றி மாணவர்க்குப் பயிற்றினார். அத்தகைய ஆசிரியர் ஒருவரிடம் ஈராண்டு கற்றபின் மேனாடு செல்வதே தக்கதென்பது என் கருத்து. முதலில் ஆர்கனில் ஊறிய செவிக்கு நம் இராகங்களின் கமகம் பிடிபடல் அரிது. அதனை மறுப்போர் இக்கலாசாலையிலேயே உளர் என்பதும் அறிவேன்; எங்கள் பாடற்குழுவில் இவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.