ஏசி மாட்டும்போது வேக்கம் போடுவது ஏன்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளைச் சுற்றி எழும்பும் குடியிருப்புகளில் ஸ்பிளிட் ஏசி மாட்டும்போது, செப்புக் குழாயை இணைத்ததும் கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளி வேலையை முடித்துவிடுபவர்கள் உண்டு. அது தவறு. காற்றில் பெரும்பகுதி போகலாம். குழாயின் உட்சுவரில் ஒட்டிய ஈரம் போகாது. அந்த ஈரம் கம்ப்ரஸர் எண்ணெயோடு வினைபுரிந்து அமிலமாகி, மோட்டார் சுருளின் காப்பையே அரித்துவிடும்.

முதலில் உலர்ந்த நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, குழாய் இணைப்பை இறுக்கும் ஃபிளேர் நட்டுகளில் சோப்பு நுரை தடவ வேண்டும். குமிழி எழுந்தால் கசிவு. ஆக்சிஜனை மட்டும் ஒருபோதும் ஏற்றக் கூடாது; எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

அடுத்தது, குழாயின் உள்ளே வெற்றிடத்தை உண்டாக்கும் வேக்கம் பம்ப். வழக்கமாக 100 டிகிரியில் கொதிக்கும் நீர், அழுத்தம் 42 மி.மீ. பாதரச அளவுக்கு இறங்கினால் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம்மூர் வெயிலே அதற்குப் போதும். ஆவியானதைப் பம்ப் உறிஞ்சிவிடும். பொதுவாக 500 மைக்ரான், அதாவது அரை மி.மீ. வரை இறக்குவார்கள்.

பிறகு வால்வை மூடிக் காத்திருக்க வேண்டும். அளவு சற்று ஏறி நின்றால் ஈரம் மிச்சமிருக்கிறது. ஏறிக்கொண்டே போனால் கசிவு. சாதாரண கேஜ் முள்ளில் இந்த வித்தியாசம் தெரியாது, மைக்ரான் கேஜ்தான் காட்டும்.