நாலு விரற்கடை

டயருக்கும் அதன் மேலே வளையும் மட்கார்டுக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்த்தான் அண்ணன் மகன். நாலு விரலும் தாராளமாகப் போயின. "பாருங்க சித்தப்பா, ஜீப்பாட்டம் நிக்குது. இந்தச் சந்தை அடைச்சாத்தான் வண்டிக்கு லட்சணம்" என்றான்.

கோவையில் கார் மோகத்துக்குப் பஞ்சமில்லை. செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே சுற்றி வருவதற்கென்றே பழைய ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கியிருந்தான். ஆபீஸ் போக வேறு கார் உண்டு. பழையதற்குப் போட, காரைத் தணிக்கும் ஸ்பிரிங் நான்கு அட்டைப்பெட்டியில் வந்திறங்கியிருந்தன. அவன் ஸ்பிரிங் மாற்றுவது இதுதான் முதல் தடவை.

ஒர்க் ஷாப்காரர் தலைமுடி நரைத்தவர். பெட்டியைப் பிரித்தபடி சொன்னார்: "தம்பி, கம்பெனிக்காரன் அந்தச் சந்தைச் சும்மா விடலீங்க."

முப்பது வருஷம் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்தியவன் நான். அவர் ஒரு வரியில் சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கக் கை பரபரத்தது. அட்டைப்பெட்டியின் பின்பக்கம் கரும்பலகை ஆயிற்று.

விறைத்தால் உயரும்

ஸ்பிரிங்கின் விதியைச் சொன்னவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். வேறு யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாதென்று, 1676-இல் அதை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராகத்தான் அச்சிட்டார். 1678-இல் அவரே விடையை அவிழ்த்தார். எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவுக்கு ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும். இரண்டு மடங்கு அமுக்கினால் எதிர்ப்பும் இரண்டு மடங்கு. ஒரு மில்லிமீட்டர் அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதே பாடப்புத்தகத்தில் வரும் சுருள்வில் மாறிலி. ஒர்க் ஷாப்பில் அதற்குப் பெயர் 'டைட்டு'.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். முன் சக்கரம் ஒன்றின் மேல் 300 கிலோ உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 22 நியூட்டன், அதாவது ஏறக்குறைய இரண்டே கால் கிலோ பாரம் வேண்டும். அப்படியானால் கார் சும்மா நிற்கும்போதே ஸ்பிரிங் 13.4 செ.மீ. அமுங்கியிருக்கும்.

புது ஸ்பிரிங் 30 சதவீதம் கூடுதல் விறைப்பு என்று கொள்வோம். அதே 300 கிலோவுக்கு அது 10.3 செ.மீ. மட்டுமே அமுங்கும். அதாவது பழைய நீளத்திலேயே விறைப்பான ஸ்பிரிங்கை மாட்டினால் கார் தணியாது, 3 செ.மீ. எழும்பி நிற்கும்! நமக்கு வேண்டியதோ 3 செ.மீ. தணிவு. ஆகவே புது ஸ்பிரிங் பழையதைவிட 6 செ.மீ. குட்டையாக இருந்தாக வேண்டும். இரண்டையும் தரையில் நிறுத்திப் பார்த்தபோது அண்ணன் மகனுக்குத் திகைப்பு. "என்ன இவ்ளோ கட்டையா இருக்கு, தப்பா அனுப்பிட்டானா?" தப்பில்லை, கணக்கு அப்படி.

இந்தக் குட்டை உயரத்தில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தொங்கும்போது, ஸ்பிரிங் உட்காரும் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் இடைவெளி கூடும். ஸ்பிரிங் அதற்கு எட்டாவிட்டால் தட்டை விட்டு நழுவிவிடும். அதனால்தான் இவ்வகை ஸ்பிரிங்குகள் பலவற்றில் ஒரு முனையில் நாலைந்து வளையங்கள் நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கின்றன. காரின் எடை ஏறியதும் அவை ஒன்றோடொன்று ஒட்டிப்போகும்; சக்கரம் தொங்கினால் விரிந்து தட்டைப் பிடித்துக்கொள்ளும்.

அறுத்துப் போடுவதும் இங்கேதான் இடறுகிறது. பழைய ஸ்பிரிங்கிலேயே ஒன்றரை வளையத்தை அறுத்தால் காசு மிச்சம் என்று நினைப்பவர்கள் உண்டு. வேலை செய்யும் வளையம் ஆறு என்றால், ஒன்றரை போனதும் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், உயரமும் குறையும். இரண்டும் கேட்டபடியே கிடைத்தது போலத் தோன்றும். ஆனால் அறுபட்ட முனை தட்டில் படிந்து உட்காராது. கேஸ் கட்டிங் வெப்பம் எஃகின் பதத்தைக் கெடுக்கும். சக்கரம் தொங்கும்போது பிடித்துக்கொள்ள அந்த நெருக்கமான வளையங்களும் இருக்காது.

பள்ளத்துக்கு வைத்த சேமிப்பு

இனி அந்த நாலு விரற்கடைக்கு வருவோம். கார் நிற்கும் நிலையிலிருந்து, பம்ப் ஸ்டாப் எனும் ரப்பர் முட்டுக்கட்டையைத் தொடும்வரை சக்கரம் 8 செ.மீ. மேலே ஏறலாம் என்று வைத்துக்கொள்வோம். காரின் எடையைத் தாங்குவது போக, அந்த 8 செ.மீ.க்குள் பழைய ஸ்பிரிங் கூடுதலாக வாங்கிக்கொள்ளும் ஆற்றல் சுமார் 70 ஜூல். காரை 3 செ.மீ. தணித்தபின் மிஞ்சுவது 5 செ.மீ. ஸ்பிரிங் 30 சதவீதம் விறைப்பாக இருந்தும் அதற்குள் அது வாங்குவது 36 ஜூல்தான். கிட்டத்தட்ட பாதி.

காரணம், ஆற்றல் தூரத்தின் இருமடியைப் பொறுத்தது. தூரத்தில் விட்டதை விறைப்பில் பிடிக்க முழுதாக முயன்றால் ஸ்பிரிங்கை இரண்டரை மடங்கு விறைப்பாக்க வேண்டும். அப்படி ஒரு காரில் போனால் ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் முதுகுத்தண்டில் தெரியும்.

கார் தானாக மேலும் கீழும் ஆடும் வேகம் இங்கே முக்கியம். நம் உதாரணக் கார் நொடிக்கு 1.36 தடவை ஆடும்; புது ஸ்பிரிங்கில் 1.55, இரண்டரை மடங்கு விறைப்பில் 2.2. சொகுசாகத் தோன்றுவது ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடைப்பட்ட ஆட்டம். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் கேடிலாக்குக்குப் போன பொறியாளர் மாரிஸ் ஆலி, 1930-களில் இதில் ஒரு நுட்பத்தைக் கண்டார். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் சற்றுப் பிந்தி ஏறுகிறது. பின் ஸ்பிரிங் கொஞ்சம் வேகமாக ஆடினால் முன்பக்க ஆட்டத்தை எட்டிப் பிடித்துவிடும். கார் தொட்டில்போல் முன்னும் பின்னும் குலுங்காது. ஆகவே நான்கும் ஒரே செட்டாக வர வேண்டும். முன்னால் இரண்டை மட்டும் மாற்றினால் இந்த ஒத்திசைவு கெடும்.

ஷாக் அப்சார்பருக்கும் இதே கதி. ஸ்பிரிங் விறைத்தால் அதன் துள்ளலை அடக்கவும் கூடுதல் பலம் வேண்டும். களைத்துப்போன பழைய ஷாக்கின் மேல் புது ஸ்பிரிங்கை வைப்பது, முரட்டுக் காளைக்கு நைந்த கயிறு கட்டுவது மாதிரி.

திருப்பத்தில் என்ன லாபம்?

"கீழ இருந்தா திருப்பத்துல ஒட்டிக்கிட்டுப் போகும் சித்தப்பா." இதையும் கணக்கில் கேட்டுவிடலாம். 1000 கிலோ கார், எடைமையம் தரையிலிருந்து 55 செ.மீ., இடவல சக்கரங்களுக்கு நடுவே 150 செ.மீ. புவியீர்ப்பில் பாதியளவு விசையோடு திரும்பினால், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு 183 கிலோ பாரம் மாறும். எடைமையத்தை 3 செ.மீ. இறக்கினால் அது 173 கிலோ. மிச்சம் பத்தே கிலோ!

அப்படியென்றால் ஓட்டுபவர்கள் உணரும் மாற்றம் பொய்யா? இல்லை. பெரும்பகுதி உயரத்தால் வருவதில்லை, விறைப்பால் வருகிறது. உடம்பு குறைவாகச் சாய்கிறது, ஸ்டியரிங் திருப்பியதும் கார் தாமதிக்காமல் கேட்கிறது.

அளவு மீறினால் உயரம் திருப்பியும் அடிக்கும். இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலும் முன்னால் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்த இந்த எளிய அமைப்பு, 1950-இல் அறிமுகமான ஃபோர்டு கான்சல் வழியாகப் பரவியது. காரைத் தணித்தால் இதன் கீழ்க்கை (லோயர் ஆர்ம்) சக்கரத்தை நோக்கி மேலேறிச் சாயும். கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது எடைமையத்தைவிட அதிகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் நெம்புகோல், அது நீளும். புது விறைப்பு முதலில் இந்தக் கடனைத் தீர்த்துவிட்டுத்தான் லாபம் காட்ட முடியும்.

கைக்கு வந்த வேலை

வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, ஸ்ட்ரட்டை வெளியே எடுக்கும்வரை பொறுமை இருந்தால் போதும். அடுத்த கட்டத்தில்தான் பெரியவர் அண்ணன் மகனைத் தள்ளி நிற்கச் சொன்னார். ஸ்ட்ரட்டின் உச்சியில் இருக்கும் ஒற்றை நட்டு, அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரஸரால் ஸ்பிரிங்கை இறுக்கி, நட்டின் மேலுள்ள அழுத்தத்தைத் தளர்த்தாமல் அந்த நட்டில் ஸ்பானரை வைக்கக் கூடாது.

நம் பழைய ஸ்பிரிங்கை 10 செ.மீ. அமுக்க 220 கிலோவுக்கு மேல் பாரம் வேண்டும். அதில் அடைபட்டிருப்பது 110 ஜூல். 25 கிலோ அரிசிச் சிப்பம் முழங்கால் உயரத்திலிருந்து விழும் ஆற்றல். அது முழுவதும் 2 கிலோ இரும்புக்குப் போனால், அது மணிக்கு 38 கி.மீ. வேகத்தில் பாயும். "மூஞ்சிக்கு நேரா எப்பவும் புடிக்காதீங்க" என்றார் பெரியவர், ஸ்ட்ரட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே.

மாட்டும்போது அவர் கவனித்த இன்னொன்றை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. கீழ்க்கையின் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் முழுக்க இறுக்கவில்லை. காரைத் தரையில் இறக்கி, எடை ஏறியபின்தான் இறுக்கினார். புஷ்ஷுக்குள் இருக்கும் ரப்பர், இறுக்கிய நிலையையே ஓய்வு நிலையாக எடுத்துக்கொள்ளும். தொங்கும்போது இறுக்கினால் வண்டி நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும்.

சில பழைய கார்களில் பின் அச்சோடு ஒரு பிரேக் வால்வும் இணைந்திருக்கும். உடம்பு அச்சுக்கு அருகே வந்தால் "சுமை ஏறிவிட்டது" என்று புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காரைத் தணித்தால் வால்வு ஏமாந்துபோகும். காலி வண்டியிலும் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கலாம். அதைத் திருத்தி அமைக்க வேண்டும். சில நூறு கி.மீ. ஓடி ஸ்பிரிங் படிந்தபின் வீல் அலைன்மென்ட்டும் கட்டாயம். சக்கரத்தின் சாய்வும் திசையும் மாறியிருக்கும். விட்டால் டயரின் உள்விளிம்பு தேய்ந்து நூல் தெரியும்.

ரோட்டு வண்டிக்கு?

பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகவே பொருள் கொண்டது. ஜெர்மனியில் வழி வேறு. அங்கே இவ்வகை ஸ்பிரிங் எந்த மாடலுக்குப் பொருந்தும் என்ற சான்றோடு வருகிறது. மாட்டியபின் ஆய்வாளர் பார்த்துச் சரி என்றால் ஆவணத்தில் ஏறும். நம் ஊரில் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்காமல் ரோட்டு வண்டியில் கை வைப்பது வம்பு.

சட்டத்துக்கு முன்னாலேயே வேகத்தடை பேசிவிடும். இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-இல் வகுத்த அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். இரண்டு அச்சுகளுக்கு நடுவே 2.45 மீட்டர் உள்ள கார் அந்த மென்மையான வளைவில் நிற்கும்போது, வண்டியின் வயிற்றை நோக்கி எழும்புவது 4.4 செ.மீ. மட்டுமே. தெருவில் நாமே கட்டிக்கொள்ளும் ஒடுங்கிய மேடுகள் அப்படியல்ல. அவற்றின் முழு உயரமும் வயிற்றுக்கு நேராக வரும்.

மாலையில் வேலை முடிந்தது. டயர் இடுக்கில் இப்போது இரண்டு விரல்தான் போயிற்று. அண்ணன் மகன் நாலு பக்கமிருந்தும் படம் எடுத்தான். பெரியவர் பழைய ஸ்பிரிங்குகளைத் துடைத்து, எது இடம், எது வலம் என்று சாக்பீஸால் எழுதி அதே பெட்டியில் அடுக்கினார். "காயலான் கடைக்குப் போட்டுராதீங்க தம்பி."

அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அவனுடைய ஆபீஸ் காரில் திரும்பினோம். எங்கள் தெருமுனை வேகத்தடையில் முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரம் ஏறி இறங்கியது. பேச்சு நிற்கவில்லை; மடியில் வைத்திருந்த தேநீர்க் குவளையும் சிந்தவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் அவன் குனிந்து மட்கார்டுக்குக் கீழே கையை நுழைத்தான். நாலு விரல். ஒன்றும் சொல்லாமல் கதவைப் பூட்டினான்.